எண்ணெய் தேய்த்த அடுக்களைக் கல்

மக்களே, நம் அடுக்களைக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால்கூட உங்கள் அம்மா ஏன் அப்படிப் பதறுகிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் பல தடவை கேட்டுவிட்டீர்கள். போன வாரம் சின்னவள் தோசைக்கு எண்ணெய் விடும்போது கொஞ்சம் சிந்திவிட்டாள். அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து துடைத்தாள். துடைத்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பெரியவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் சொல்லமாட்டாள். மாமாவிடம் கேட்டால் வேறு எதையாவது சொல்லி உங்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பது மலையாளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள். எனக்கும் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

கரமனையில் நாம் இருந்த வாடகை வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, நாம் வைத்த சாமான் எதுவானாலும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நாம் வைத்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்தக் கறுப்புக் கல் ஒன்றுதான். நாம் அங்கே குடிபோனபோது அடுக்களை மேடை வெறும் சிமெண்டாக, பொரிந்துபோய்க் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரே நீளக் கல்லாகக் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டுக் கொடுத்தார். கிரானைட் போடுவதுதானே அவர் வேலை. தங்கச்சிக்கு அவர் செய்த சீர் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு அந்த விபத்து. வேலை நடந்த ஓர் இடத்தில் லாரியிலிருந்து கல் இறக்கும்போது சரிந்து, இடது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன. நிமிராது, மடங்காது. நீங்கள் அந்த விரல்களைப் பிடித்து ஊஞ்சலாடுவீர்கள், அவரும் ஆடவிடுவார். ஆனால் வெளியாட்கள் முன்னால் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்து இடது கையின்மேல் போட்டுக்கொள்வார். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கை ஆறட்டும் என்று சொல்வார். கை எப்போதோ ஆறிவிட்டது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீடு மாறுவதற்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் வந்தார். நான் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். தேயிலைத் தண்ணி குடித்துக்கொண்டே மாமா கேட்டார்.

“கல்லை யாரு எடுக்கப்போறா?”

“எங்க கடையில சாமான் வாங்க வர்ற ஒரு ஆளுகிட்ட சொல்லலாம்னு இருக்கேன் மச்சான். மிஷின் எல்லாம் வச்சிருக்கான்.”

“மிஷின் வச்சு உடைக்கவா? எங்க சிமெண்டு கூடுதல், எங்க குறைவுன்னு போட்டவனுக்குத்தானே தெரியும். நான் எடுக்கேன்.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வாசல்வரை வந்தாள்.

“அண்ணே, நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா போரும்.”

“ஏட்டி, நான் என்ன கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கவா வாறேன், பக்கத்துல நின்னு சொல்லதுக்கு?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பதுதான் அந்தப் பார்வை. வேண்டாம் என்று சொன்னால், உங்கள் கை இனி உதவாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகிவிடும். நான் தேயிலையைக் குடித்தேன். அவளும் உள்ளே போய்விட்டாள்.

எடுக்கிற நாளைக்கு முந்தின சாயங்காலம் அம்மா அடுக்களையை ஒழித்தாள். எல்லாச் சாமானையும் சாக்கில் கட்டி முன்னறைக்குக் கொண்டுவந்த பிறகு, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கறுப்புக் கல்லைச் சும்மா கழுவிவிட்டால் வெளிறிப்போய்த் தெரியும். நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிறதுதான், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பழந்துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மேலாகத் துடைத்துவிடுவாள், கல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு மேலாக மட்டும் துடைக்கவில்லை. புது வீட்டுக்குப் போகிற கல், பால் காய்ச்ச வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போகிற கல். விளிம்பு, விளிம்புக்கு அடிப்பக்கம், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்காக வெட்டிய ஓட்டையின் உள்வாய் என்று கை எட்டிய இடமெல்லாம் எண்ணெய் தேய்த்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி செய்தாள். காலையில் அடுக்களைக்குள் போனபோது எனக்குத் தேங்காய் எண்ணெய் மணந்தது. அம்மா தலை குளித்திருப்பாள் என்று நினைத்தேன்.

நீங்கள் பள்ளிக்கூட பஸ் ஏறிப் போன பிறகு மாமா வந்தார். பக்கத்து வீட்டுச் சேட்டனும் வந்தார், நாங்கள் கூப்பிட்டிருந்தோம். மரத்துண்டுகள், ஆப்புகள், தட்டை உளி, ரீப்பர் என்கிற நீள மரச்சட்டங்கள், கயிறு எல்லாவற்றையும் மாமா தரையில் பரப்பிவைத்தார். அவற்றை அவர் தொட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது. துவர்த்தை எடுத்துக் கதவுக் கொண்டியில் தொங்கவிட்டார். அந்தக் கை வெளியே தெரிந்தது.

வேலை நிதானமாகத்தான் நடந்தது. கல்லின் பின்விளிம்பு சுவருக்குள் கொஞ்சம் நுழைந்திருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த டைல் வரிசையை மட்டும் மாமா தன் சின்ன அறுக்கும் மிஷினால் அறுத்து எடுத்தார். கீழே கல் உட்கார்ந்திருந்த செங்கல் சுவர்களில் சிமெண்டை உளியால் கொத்திக்கொத்தி வெளியே தள்ளினார். அந்த இடைவெளியில் ஆப்பு. ஓர் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால், மற்ற ஓரத்திலும் போய் ஒரு தட்டு. எல்லாப் பக்கமும் ஒன்றாகக் கிளம்பவேண்டும், ஒரு பக்கம் முந்தினால் கல் போச்சு என்றார். இடையிடையே கல்லை மடக்கிய விரலின் மொளியால் தட்டிக் காது கொடுத்தார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் கேட்டது.

தொட்டி ஓட்டைதான் பெரிய பயம். அந்த இடத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு கை அகலத்துக்குக்கூடக் கல் கிடையாது. கல் முறிந்தால் அங்கேதான் முறியும். மாமா அந்த மெலிந்த இடத்தில் மேலும் கீழும் ரீப்பர் வைத்து, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அந்தக் கோடியைத்தான் அவர் பிடிக்கப்போவதாகச் சொன்னார்.

“மச்சான், அந்தக் கோடிக்கு நான் வாறேன். நீங்க அடுப்புக் கோடியைப் பிடிங்க.”

“மாப்ளே, நீங்க கடையில ஆணி நிறுத்துக் குடுங்க. இது என் துறை.”

சேட்டன் சிரித்தார். மாமா எங்கள் இருவரையும் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். “கட்டை முதல்ல, கை பிறகு. கல்லு மேல பொங்கினா உடனே அடியில கட்டை போகணும். அதுக்குப் பிறகுதான் கையை உள்ள விடணும். மறக்கப்படாது.”

கல் கிளம்பியது. மண்ணுக்கு அடியில் பானை உருண்டது போல ஒரு மங்கின சத்தம் வந்தது. அம்மா வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சுவர்மேலும் கட்டை வைத்தோம். பிறகு மூன்று பேரும் கல்லை முன்பக்கமாக இழுத்தோம். நான் அடுப்புக் கோடி, சேட்டன் நடு, மாமா தொட்டிக் கோடி. கல் பின்விளிம்பைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. இனி அதைச் செங்குத்தாக நிமிர்த்தவேண்டும். கல்லைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் கனத்திலேயே முறியும், கண்ணாடியைப் போல நிறுத்தித்தான் கொண்டுபோகவேண்டும்.

நிமிர்த்துவதற்காக விளிம்புக்கு அடியில் பிடித்துத் தூக்கினேன். கை வழுக்கியது. மீன் நழுவுகிற மாதிரி நழுவியது. என் கோடி கட்டைமேல் விழுந்தது. அந்த அடியில் மாமாவின் கோடி ஒரு துள்ளுத் துள்ளி, அதுவும் கீழே உட்கார்ந்தது.

மாமா அப்படியே நின்றார். அவருடைய இடது கை கல்லுக்கு அடியில் இருந்தது.

கட்டையைச் சரிசெய்து விடுவதற்காகக் கையை உள்ளே விட்டிருந்தார். கட்டை அங்கே இருந்தது, அதனால் கல் கட்டைமேல்தான் உட்கார்ந்தது. அந்தக் கட்டையின் உயரம்தான் கைக்குக் கிடைத்த இடம். வேறு யாருடைய கையாக இருந்தாலும் விரலை நீட்டி உருவி எடுத்திருப்பார்கள். அவருடைய இரண்டு விரல்களும் நிமிராதே. வளைந்த விரல்கள் உள்ளே கொக்கி மாதிரி மாட்டி நின்றுவிட்டன. கை வெளியே வரவில்லை.

“மச்சான்.”

“ஒண்ணும் இல்ல. நசுங்கல்ல. எடம் கெடக்கு.” அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உதடு மட்டும் வெளுத்துவிட்டது. “யாரும் வெப்ராளப்பட்டுப் பதறி இழுத்துரப்படாது. சேட்டா, பிடி விடல்லே.”

“ஞான் பிடிச்சிட்டுண்டு. பேடிக்கண்டா,” என்றார் சேட்டன். நான் பிடித்திருக்கிறேன், பயப்படாதே என்று. கல்லின் பாதிக்குமேல் மேடைக்கு வெளியே நின்றது. அதை முன்பக்கம் கவிழாமல் நெஞ்சால் தாங்கிக்கொண்டிருந்தது அவர்தான். அவருடைய பனியனில் எண்ணெய் கறுப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

கல்லைத் தூக்கினால்தான் கை வெளியே வரும். தூக்கும்போது என் கை மறுபடி வழுக்கினால், அல்லது மெலிந்த இடத்தில் கல் முறிந்தால், முறிந்த துண்டு அந்தக் கைமேல்தான் விழும். கல் உடையாமல் இருக்கவேண்டும் என்று அதுவரை நான் பயந்ததெல்லாம் கல்லுக்காக. அந்த நேரத்தில் கல்லும் கையும் ஒன்றாகிவிட்டன. ரீப்பரைக் கட்டியிருந்த கயிறு மெல்ல முனகியது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. என் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது மினுங்கியது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் உங்களுக்கு எழுதிக்காட்டப் போவதில்லை.

மாமாவும் மோந்திருக்கவேண்டும். தலையைத் திருப்பாமல் சொன்னார்: “ஏட்டி, கல்லுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டியோ. நல்ல காரியம். தேய்ச்சவ பாதியில விட்டா எப்படி? போய் மாவு எடுத்துட்டு வந்து தேய்ச்சு விடு.”

அம்மா ஓடினாள். முன்னறையில் கட்டிவைத்த சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிற சத்தம் கேட்டது. டப்பாக்கள் உருண்டன. கடலை மாவு எந்தச் சாக்கில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு வேலை ஒன்றும் இல்லை, கல்லைப் பிடித்தபடி நிற்பதைத் தவிர. மாமாவின் கழுத்து நரம்பில் வேர்வை வழிந்து சட்டைக் காலருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடியில் அந்த விரல்கள் என்ன நிறமாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். அதையேதான் நினைத்தேன்.

அவள் மாவோடு வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது உங்கள் தலையில் தேய்ப்பாளே, அதே மாதிரி கை நிறைய அள்ளி விளிம்பு நெடுக அழுத்தித் தேய்த்தாள். மாவு உருண்டு உருண்டு கீழே விழுந்தது. மறுபடி காய்ந்த மாவு போட்டாள். பிறகு என் கைகளை இழுத்து, பிள்ளையின் கையைத் துடைக்கிற மாதிரி விரல் இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள். சேட்டனுக்கும் தேய்த்தாள். கடைசியில் அண்ணனுடைய வலது கைக்கு. நடுவில் ஒருமுறை முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“கண்ணீரு கல்லுல விழாம பாத்துக்க. பிறகு அதுக்கும் மாவு வேணும்,” என்றார் மாமா.

காலியான சாக்கு ஒன்றை விளிம்பில் மடித்துப் போட்டுப் பிடித்தேன். மாமா ‘உம்’ என்று சொல்லும்போது தூக்கவேண்டும், அவர் நிறுத்தச் சொல்லும்வரை இறக்கக் கூடாது. அம்மா ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் குந்தினாள். கல் கொஞ்சம் பொங்கினால் உள்ளே நுழைக்க. வேண்டாம், கையை உள்ளே விடாதே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா அதற்குள் ‘உம்’ என்றுவிட்டார்.

தூக்கினோம். கை வழுக்கவில்லை. கயிறு முனகியது, ஆனால் கல் முனகவில்லை. அம்மா கட்டையைத் தள்ளினாள். மாமா தோளைச் சாய்த்து, கையை ஒருக்களித்து, மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்.

இறக்கச் சொன்னார். இறக்கினோம்.

மொளியில் தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான். அம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொல்லை வாசல் படியில் உட்கார்ந்து ஊதினாள். மாவும் ரத்தமும் கலந்து சந்தனம் மாதிரி இருந்தது. “இது போரும் அண்ணே. கல்லு இங்கேயே கெடக்கட்டும். இடிக்கறவன் இடிச்சுட்டுப் போட்டும்,” என்றாள். நானும் அதையே சொன்னேன்.

கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த நம்முடைய தரை துடைக்கிற மாப்பைப் பார்த்தபடியே மாமா சொன்னார்: “இந்தக் கல்லை விட்டுட்டுப் போனா, பிறகு நான் எந்தக் கல்லுல போய்க் கை வைப்பேன்?”

சேட்டன் உள்ளே இருந்து கூப்பிட்டார்: “அண்ணாச்சி, எனிக்கு மூத்திரம் ஒழிக்கணும். பெட்டென்னு வா.” சீக்கிரம் வா என்று. பாவம், அத்தனை நேரமும் அவர் கல்லைவிட்டு நகரவில்லை. மாமா சிரித்துக்கொண்டே எழுந்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

மறுபடி பிடித்தோம். கல்லை நிமிர்த்தினோம், நிறுத்திப் பிடித்தோம், அடுக்களை வாசலைத் தாண்டி, முன்னறையைத் தாண்டி, சந்தில் நின்ற சின்ன டெம்போவரைக்கும் கொண்டுபோனோம். வழி முழுக்க நான் பாதையைப் பார்க்கவில்லை, அவருடைய இடது கையைத்தான் பார்த்தேன். நடைவாசலில் என் கால் தடுக்கியது. “மாப்ளே, என் கையில பவுனா காய்ச்சுக் கெடக்கு? கீழ பாத்து நடங்க,” என்றார். வண்டியில் பழைய மெத்தையைச் சாய்த்துவைத்து அதன்மேல் கல்லைச் சாத்தினோம். மாமா விரல்மொளியால் ஒரு தட்டு தட்டினார். முழுசாகத்தான் இருக்கிறது என்றார். கல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். அம்மா முன்னால் ஏறினாள்.

சாயங்காலம் நீங்கள் நேமத்தில் இருக்கும் நம் புது வீட்டுக்கு வந்தபோது, சுவரில் சாய்ந்திருந்த கல்லில் மாவு அப்பியிருப்பதைப் பார்த்து அம்மா பஜ்ஜி போட்டாளா என்று கேட்டீர்கள். மாமா அந்தக் கல்லைப் புது அடுக்களையில் போட்டார். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். நல்லதுதான். ஆனால் மதியத்தில் என் ஃபோன் அடித்தால் மாமா வேலை செய்கிற இடத்திலிருந்தோ என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். அம்மா அன்றைக்குப் பிறகு அந்தக் கல்லுக்கு எண்ணெய் தொட்டதே இல்லை. வெளிறியபடியே கிடக்கிறது. அவளை நீங்கள் கேலி செய்யக் கூடாது. அழகாக இருக்கட்டும் என்று செய்தவள் அவள்.

டெம்போ போன பிறகு, கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுப்பதற்காக நான் மட்டும் அந்த வீட்டில் நின்றேன். அடுக்களையில் வெறும் செங்கல் சுவர்கள் நின்றன. தொட்டிப் பக்கத்துச் சுவர்மேல் அந்தக் கட்டை அப்படியே இருந்தது. கல் விழுந்த இடத்தில் மரத்தில் ஒரு பள்ளம். நான் என் இடது கையை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு விரல்களை மாமாவின் விரல்கள் மாதிரி வளைத்துக்கொண்டேன். பிறகு வலது உள்ளங்கையைக் கல்லைப்போலத் தட்டையாக மேலே வைத்து அழுத்தினேன். மரமும் மொளியும் ஒரே நேரத்தில் உள்ளங்கையில் தட்டுப்பட்டன. மாமா சொன்ன இடம் ஒரு நூல்கூட அங்கே இல்லை.